ஆஸ்லோவா, ஸ்டாக்ஹோமா: கலையும் காடும் ஒரே பயணத்தில் வேண்டுவோருக்கு

அருங்காட்சியகங்களையும் பார்க்க வேண்டும், காட்டிலும் நடக்க வேண்டும், கையில் இருப்பதோ மூன்று நாள்தான் என்றால், நான் ஆஸ்லோவையே பரிந்துரைப்பேன். காலையில் தேசிய அருங்காட்சியகத்தில் எட்வர்ட் மூங்க் 1893இல் தீட்டிய 'அலறல்' ஓவியத்தின் முன் நின்றுவிட்டு, மெட்ரோவின் முதலாம் தடத்தில் ஏறினால், சுமார் அரை மணி நேரத்தில் ஃப்ரொக்னர்செத்தெரன் நிலையத்தில் இறங்கி, நூர்மார்க்கா காட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிடலாம். குளிர்காலத்தில் அதே ரயிலில் மக்கள் சறுக்குவண்டியோடு ஏறுகிறார்கள். மேலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் பனித்தடத்தில் சறுக்கி மித்ஸ்தூவென் வரை இறங்கி, மறுபடியும் மெட்ரோ பிடித்து மேலே வருகிறார்கள்.

அந்த ஓவியத்தை அவசரமின்றிப் பார்க்க வேண்டும். அதன் இடது மேல்மூலையில், 'பைத்தியக்காரன் ஒருவனால் மட்டுமே இதைத் தீட்டியிருக்க முடியும்' என்று பென்சிலில் மிகச் சிறியதாக எழுதப்பட்டிருக்கிறது. விஷமி எவரோ கிறுக்கியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மூங்கின் கையெழுத்தே அது என்று அருங்காட்சியகம் 2021இல் உறுதிசெய்தது.

ஸ்டாக்ஹோமின் வலிமை வரலாறு. வாசா என்னும் போர்க்கப்பல் 1628இல் தன் முதல் பயணத்திலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடக் கடக்காமல், மேற்பாரம் தாங்காது காற்றில் சாய்ந்து மூழ்கியது. பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு பிழைப்பதில்லை. அதனால்தான் 1961இல் மேலே எடுக்கப்பட்டபோது கப்பல் ஏறத்தாழ முழுமையாக இருந்தது. அதன் செதுக்குச் சிற்பங்களுக்கு நிகராக ஆஸ்லோவில் எதையும் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகமும், வாசா வைக்கப்பட்டிருக்கும் அதே யூர்கோர்டன் தீவில் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ஸ்டாக்ஹோமின் இயற்கை, காட்டைவிடக் கடலில்தான் விரிகிறது. ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் கொண்ட அதன் தீவுக்கூட்டத்தில், அருகிலுள்ள வாக்ஸ்ஹோமுக்கே படகில் ஒரு மணி நேரம் ஆகும். வெளிவிளிம்பிலுள்ள சாந்தாமுக்குப் போனால் அந்த நாளே அதற்குச் சரியாகிவிடும். ஆஸ்லோவிலோ, நகரப் பேருந்துக்கு எடுத்த அதே பயணச்சீட்டில் படகேறி, 1147இல் நிறுவப்பட்ட துறவிமடத்தின் இடிபாடுகள் உள்ள ஹூவெதோயா தீவில் சில நிமிடங்களில் இறங்கிக் குளிக்கலாம்.

ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான பருவத்தில் ஒரு முழு வாரம் கிடைத்தவர்கள் மட்டும் ஸ்டாக்ஹோமைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு நாள்களை யூர்கோர்டனுக்குக் கொடுத்துவிட்டு, மீதி நாள்களுக்கு வெளித்தீவு ஒன்றிலேயே தங்குங்கள்.