80/20, திரெஷோல்ட், இன்டர்வெல்: நீண்ட நாள் தாங்குவது எது?

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஓடக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த வேகத்தில் செலவழிப்பது? நெடுந்தூர ஓட்டத்துக்குள் வந்த எவரும் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். நான் முன்பு நடுத்தர வேகத்தை மையமாக வைத்த திட்டத்தில் ஓடினேன். பிறகு பெரும்பகுதி மெதுவாகவும் சிறுபகுதி மிக வேகமாகவும் ஓடும் முறைக்கு மாறி, அதிலேயே நிலைத்துவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதுமில்லை.

முதலில் இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ரத்தத்தில் லாக்டேட், அதாவது தசைகள் சர்க்கரையை எரிக்கும்போது உருவாகும் பொருள், ஓய்வு நிலையைவிட ஏறத் தொடங்கும். இது முதல் எல்லை. அதுவரை முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓடலாம். தாண்டினால் பேச்சு துண்டு துண்டாகும். இன்னும் கூட்டினால், லாக்டேட் உருவாகும் வேகத்துக்கு உடலால் அதை அகற்ற முடியாத இடம் வரும். இது இரண்டாவது எல்லை. லிட்டருக்கு 2 மில்லிமோல், 4 மில்லிமோல் என்று இவற்றுக்குப் பொதுவான எண்கள் உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும்.

80/20 அல்லது போலரைஸ்டு எனப்படும் முறையில் ஓட்டங்களில் சுமார் 80 சதவீதம் முதல் எல்லைக்குக் கீழே, மீதி இரண்டாவது எல்லைக்கு மேலே. திரெஷோல்ட் முறையில் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில், அதாவது நடு மண்டலத்தில், நிறைய நேரம் கழியும். மூன்றாவது, குறுகிய நேரத்தில் கடுமையான இன்டர்வெல், அதாவது இடையிடையே ஓய்வு விட்டு மீண்டும் மீண்டும் வேகமாக ஓடுவது, மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்வது.

மூன்றாவதை முதலில் பேசிவிடலாம். நேரமே இல்லாதவர்களுக்கு இது நிஜமான வழி, சந்தேகம் வேண்டாம். 1996இல் ஜப்பானில் இசுமி டபாடாவின் குழு, 20 விநாடி உச்ச முயற்சி, 10 விநாடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்ய வைத்து ஆறு வாரம் பார்த்தது. விஓ2 மேக்ஸ், அதாவது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, கிலோவுக்கு 7 மில்லிலிட்டர் கூடியது. ஒரு மணி நேரம் மிதமாகச் சைக்கிள் ஓட்டிய குழுவுக்குக் கூடியது 5. கனடாவில் மார்ட்டின் கிபாலாவின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டே வாரம் சைக்கிளில் 30 விநாடி ஸ்பிரின்ட்கள், அதாவது முழு வேகப் பாய்ச்சல்கள், செய்தவர்களின் தசைகளில் ஏற்பட்ட மாற்றம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இணையாக இருந்தது. நார்வேயில் யான் ஹெல்கெருட் குழுவின் 2007 ஆய்வில் நான்கு நிமிடம் வீதம் நான்கு முறை செய்யும் இன்டர்வெல், எட்டு வாரத்தில் விஓ2 மேக்ஸை 7 சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்த்தியது. அதே மொத்த வேலையை மெதுவாகச் செய்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வே இல்லை.

இதைப் படித்ததும் மெதுவாக ஓடுவதே வீண் என்று தோன்றும். ஆனால் கால அளவைப் பாருங்கள்: இரண்டு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம். நாம் ஓடுவது ஆண்டுக்கணக்கில். அந்த ஹெல்கெருட் ஆய்வில் மொத்த வேலையைச் சமமாக வைத்திருந்தார்கள் என்பதும் முக்கியம். மெதுவான ஓட்டத்தின் பலமே, அதை அதிகமாகச் செய்ய முடியும் என்பதுதான். அந்த அதிகத்தைப் பறித்துவிட்டால் அதனிடம் என்ன மிஞ்சும்?

இனி முக்கியப் போட்டிக்கு வருவோம்: 80/20 எதிர் திரெஷோல்ட்.

80/20 யாரோ ஆய்வகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த சூத்திரம் இல்லை. அமெரிக்காவில் பிறந்து நார்வேயில் பணியாற்றும் உடலியக்க ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், சிறந்த வீரர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கவனித்தார். 2006இல் வெளியான ஆய்வில், நார்வேயின் இளம் பனிச்சறுக்கு வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை முதல் எல்லைக்குக் கீழேயே வைத்திருந்தார்கள். நடு மண்டலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துடுப்புப் படகு, சைக்கிள், ஓட்டம் என்று மற்ற விளையாட்டுகளிலும் மெதுவான பயிற்சியின் இந்தப் பெரும்பங்கு திரும்பத் திரும்பத் தென்பட்டது.

சரி, வீரர்கள் செய்கிறார்கள் என்பதாலேயே அது சிறந்தது ஆகிவிடாது. நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஸ்பெயினில் எஸ்தேவே-லனாவோ குழு 2007இல் வெளியிட்டதில், ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு மெதுவான பங்கை 80 சதவீதமாக வைத்தவர்கள் 10.4 கிலோமீட்டரில் சராசரியாக 157 விநாடி முன்னேறினார்கள். நடு மண்டலத்தில் கூடுதலாக ஓடியவர்களின் முன்னேற்றம் சுமார் 121 விநாடி. ஓடியவர்கள் வெறும் 12 பேர். 2014இல் வந்த இன்னொரு ஸ்பானிய ஆய்வு பொழுதுபோக்காக ஓடும் 30 பேரைப் பத்து வாரம் பார்த்தது. போலரைஸ்டு குழு 10 கிலோமீட்டரில் 5 சதவீதம் முன்னேறியது, திரெஷோல்ட் குழு 3.6 சதவீதம். இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியாகவில்லை. ஆக, வேகம் கூடுவதை மட்டும் வைத்து ஒன்று மற்றதை அடித்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. இரண்டும் வேலை செய்கின்றன.

பிறகு ஏன் மாறினேன்? அடுத்த நாளுக்காக.

ஒரு பயிற்சி என்ன தருகிறது என்று எல்லோரும் கேட்கிறோம். அதிலிருந்து உடல் தேறி எழ எவ்வளவு நேரம் கேட்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 2007இல் சைலர் குழு இதைத்தான் அளந்தது. ஓட்டக்காரர்களை நான்கு விதமாக ஓடவிட்டார்கள்: ஒரு மணி நேரம் மெதுவாக, இரண்டு மணி நேரம் மெதுவாக, அரை மணி நேரம் திரெஷோல்டில், அப்புறம் மூன்று நிமிட இன்டர்வெல்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாடு இயல்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். உடலை அமைதிப்படுத்தும் தன்னியக்க நரம்புப் பகுதி மறுபடி பொறுப்பேற்றுவிட்டதா என்று காட்டும் அளவு அது.

உயர்மட்ட ஓட்டக்காரர்கள் மெதுவான ஓட்டத்துக்குப் பின் சில நிமிடங்களிலேயே இயல்புக்கு வந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஓடினாலும் சரி, இரண்டு மணி நேரம் ஓடினாலும் சரி, பெரிய வேறுபாடு இல்லை. முதல் எல்லையைத் தாண்டியதும் கதை மாறியது. தேறுவது தெளிவாகத் தாமதமானது. அந்தத் தாமதம் திரெஷோல்டுக்கும் இன்டர்வெல்லுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது என்பதுதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்த இடம். அதாவது நரம்பு மண்டலத்தின் கணக்கில் மெதுவு, நடுத்தரம், கடுமை என்று மூன்று படிகள் இல்லை. எல்லைக்குக் கீழே, எல்லைக்கு மேலே என்று இரண்டே நிலைகள். நடுத்தர வேகத்தில் ஓடி கடுமையான பயிற்சிக்கான விலையைக் கொடுக்கிறோம். அதே விலைக்கு நிஜமான கடும் பயிற்சியையே வாங்கியிருக்கலாமே என்பது என் வாதம். அந்த ஆய்வில் பயிற்சி குறைந்தவர்கள் கடுமையான ஓட்டத்திலிருந்து தேற இன்னும் அதிக நேரம் எடுத்தார்கள். உயர்மட்ட வீரருக்கே விலை என்றால், வேலைக்குப் போய்வந்து ஓடுகிற நமக்கு அது கூடுதல் விலை.

இதயத் துடிப்பின் மாறுபாடு மட்டும் முழுக் கதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் மெதுவாக ஓடினாலும் தசைகளில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் குறையும், தரையில் மோதி மோதிக் கெண்டைக்கால் வலிக்கும். அவை சில நிமிடங்களில் சரியாகாது. ஆனாலும் வாரத்தை ஒரு சங்கிலியாகப் பார்த்தால் வித்தியாசம் புரியும். செவ்வாய்க்கிழமை டெம்போ எனப்படும் நடுத்தர வேக ஓட்டத்தை நீளமாக ஓடினால், வியாழக்கிழமை இன்டர்வெல் மந்தமாகிறது. அது மந்தமானதால் அதுவும் நடு மண்டலத்துக்கே இறங்குகிறது. மெதுவாக ஓட வேண்டிய நாளிலும் மனசாட்சி குத்துவதால் கொஞ்சம் வேகம் கூடுகிறது. கடைசியில் எல்லா ஓட்டமும் ஒரே வேகம். நான் மாறியதில் கிடைத்த பெரிய பலன், கடும் பயிற்சி நாளில் கால்கள் தயாராக இருப்பது. பந்தய நேரம் குறைந்ததைவிட இதைத்தான் நான் மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் தடைபடாமல் ஓடிய மாதங்கள் அதிகரித்தது இதனால்தான்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. 80/20 என்பதைப் பெரும்பாலும் ஓட்டங்களின் எண்ணிக்கையில் கணக்கிட வேண்டும், நிமிடங்களில் அல்ல. வாரத்துக்கு ஐந்து ஓட்டம், மொத்தம் 300 நிமிடம் என்றால், அதில் ஒன்று கடுமையானது. அந்த ஒன்றில் நான்கு நிமிடம் வீதம் நான்கு முறை வேகமாக ஓடினால் 16 நிமிடம்தான் கடும் உழைப்பு. மொத்தத்தில் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 300இல் 20 சதவீதம் என்று 60 நிமிடம் இரண்டாவது எல்லைக்கு மேலே ஓடக் கிளம்பினால், நாம் எந்தத் தொல்லையிலிருந்து தப்ப நினைத்தோமோ அதைவிடப் பெரியதில் மாட்டுவோம்.

அடுத்த தடை, மெதுவு என்றால் எவ்வளவு மெதுவு என்பது. கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மண்டலங்களை அப்படியே நம்ப வேண்டாம். உச்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிப்பது பழைய வழக்கம். 2001இல் டனகா குழு 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னது. எதுவானாலும் அது கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் உச்சத் துடிப்பு அதிலிருந்து பத்துத் துடிப்புக்கு மேல் விலகியிருப்பது சாதாரணம். பேசிப் பார்ப்பது எளிது, இலவசம், வெயிலிலும் ஏற்றத்திலும் ஏமாற்றாது. வெப்பத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். அப்போது வேகத்தைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

திரெஷோல்ட் பக்கத்தின் வலுவான சாட்சி நார்வேயிலிருந்தே வருகிறது. ஓட்டக்காரரும் மருத்துவருமான மாரியஸ் பாக்கன் வளர்த்தெடுத்த, ஒரே நாளில் இரண்டு முறை திரெஷோல்ட் பயிற்சி செய்யும் முறை இன்று உலகப் புகழ் பெற்றது. யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் அந்த வழியில் பயிற்சி செய்பவர். டோக்கியோவில் 1500 மீட்டரிலும் பாரிஸில் 5000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் அங்கே விரல் நுனியில் ரத்தம் எடுத்து லாக்டேட்டை அளந்து, வேகம் எல்லை மீறாமல் கட்டுப்படுத்துகிறார்கள். மீதி ஓட்டங்கள் அவர்களுக்கும் மிக மெதுவுதான். லாக்டேட் மீட்டர் வைத்து நான் பயிற்சி செய்ததில்லை. அந்தக் கட்டுப்பாடு இருந்தால் நடு மண்டலத்தின் விலை எவ்வளவு குறையும் என்பதில் என் அனுபவம் எதற்கும் உதவாது.

மாரத்தானுக்குத் தயாராகும்போது என் நிலைப்பாடு தளர்கிறது. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்குப் பந்தய வேகமே பெரும்பாலும் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் விழுகிறது. அந்த வேகத்தில் ஓடிப் பழகாமல் 42 கிலோமீட்டர் போவது சரியாக வராது. முன்னணி ஓட்டக்காரர்களில் பலரும் மெதுவு நிறைய, நடுத்தரம் அதைவிடக் குறைவு, கடுமை அதையும்விடக் குறைவு என்ற பிரமிடு வடிவத்தில்தான் பயிற்சி செய்கிறார்கள். பந்தயத்துக்கு முந்தைய சில வாரங்களில் நானும் அந்தப் பக்கம் நகர்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்கு 80/20 சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு இன்டர்வெல், ஒரு மெதுவான ஓட்டம் போதும். ஓய்வு நாட்களே அவருக்குத் தேறும் நேரத்தைக் கொடுத்துவிடும். புதிதாகத் தொடங்குபவரின் சிக்கல் வேறு. அவர் ஓடத் தொடங்கியதுமே முதல் எல்லையைத் தாண்டிவிடுவார், அவருக்கு மெதுவான ஓட்டம் என்று ஒன்றே இருக்காது. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கட்டும். மூச்சு வாங்கினால் நடக்கும் நேரத்தைக் கூட்டட்டும். பேச்சு உடையாமல் ஓடும் பகுதி வாரா வாரம் நீளும். அது அரை மணி நேரத்தைத் தொட்ட பிறகு இன்டர்வெல் பற்றி யோசித்தால் போதும்.