பேனிங்கும் பேலன்ஸும்: ஒரே குமிழ், இரு வேறு வேலைகள்

பல ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சிறிய மிக்சர் ஒன்றின் ஃபேடர்களுக்கு (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டைகளுக்கு) சற்று மேலே இருக்கும் கடைசிக் குமிழ் வரிசையைப் பார்த்தால் எல்லாக் குமிழ்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், நடுவில் ஒரே மாதிரியான தடையுடன் இருக்கும். ஆனால் ஒற்றை ஒலியை மட்டும் ஏற்கும் மானோ சேனலில் (சேனல் என்பது ஒலி மிக்சருக்குள் நுழையும் வழி) அந்தக் குமிழின் பெயர் பேனிங். இடது, வலது என்று இரண்டு ஜாக் (செருகுதுளை) கொண்ட ஸ்டீரியோ சேனலில் அதே குமிழின் பெயர் பேலன்ஸ். யமஹாவின் எம்ஜி வரிசை போன்ற மிக்சர்களில் மைக்குக்கும் ஸ்டீரியோவுக்கும் பொதுவான சேனல்களில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே அச்சிடப்பட்டிருக்கும். கீபோர்டு, டிரம் பேட், லேப்டாப் என்று ஸ்டீரியோவாக வரும் கருவிகளை எந்தச் சேனலில் செருகுவது, அவற்றை மேடையின் எந்தப் பக்கத்தில் ஒலிக்க வைப்பது என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டை அறிந்த பிறகே விடை சொல்ல முடியும்.

பேனிங் குமிழ் ஒற்றை ஒலியை எடுத்து இடது, வலது வழிகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து வரும் ஒலியின் அளவு வேறுபாடு செவிக்குத் திசையாகப் படும் என்பதே இதன் அடிப்படை; 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒலி தொலைவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. நடுவில் இருக்கும்போது ஒலி இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் வந்து கூடுதல் சத்தமாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, பெரும்பாலான மிக்சர்கள் நடுநிலையில் ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 3 டெசிபல் குறைத்தே அனுப்புகின்றன. சில வடிவமைப்புகளில் இது 4.5 அல்லது 6 டெசிபலாக இருக்கும்.

பேலன்ஸ் குமிழ் எதையும் இடம் மாற்றுவதில்லை. இடது ஜாக்கில் வந்தது இடது வழியிலேயே போகிறது, வலது ஜாக்கில் வந்தது வலது வழியிலேயே போகிறது; குமிழை இடப்பக்கம் திருப்பினால் வலது வழியின் அளவு குறைகிறது, முழுவதும் திருப்பினால் அது அடைபட்டே போகிறது. கீபோர்டில் பியானோ ஒலியைத் தேர்ந்தெடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெரும்பாலான கீபோர்டுகளின் ஸ்டீரியோ பியானோவில் கீழ் ஸ்தாயிச் சுரங்கள் இடப்பக்கம் ஓங்கியும் மேல் ஸ்தாயிச் சுரங்கள் வலப்பக்கம் ஓங்கியும் இருக்கும். வாசிப்பவர் மேடையின் இடப்பக்கம் இருக்கிறார் என்பதற்காக ஸ்டீரியோ சேனலின் பேலன்ஸை இடப்பக்கம் முக்கால்வாசி திருப்பினால், கீழ்ச் சுரங்கள் அப்படியே இருக்க, பாடலின் மெட்டைத் தொட்டு ஓடும் மேல்ச் சுரங்கள் மங்கிவிடுகின்றன. வாசிப்பவர் வலது கையை அழுத்தி வாசிக்கத் தொடங்குவார். ஒலி அமைப்பாளர் ட்ரெபிளைக் கூட்டுவார். கோளாறோ இவை இரண்டிலும் இருக்காது.

அதே கீபோர்டை இரண்டு மானோ சேனல்களில் செருகி, இடது ஜாக்கின் பேனிங்கை முழு இடப்பக்கமும் வலது ஜாக்கின் பேனிங்கை நடுவிலும் வைத்தால், பியானோ முழுமையாக இருந்தபடியே மேடையின் இடது பாதிக்குள் அமர்ந்துவிடுகிறது. எவ்வளவு விரிவு வேண்டும், எந்த இடத்தில் வேண்டும் என்ற இரண்டையும் தனித்தனியே தீர்மானிக்கலாம் என்பதே இந்த வழியின் பெரிய வலு. மேடையில் ஓர் இடத்தில் நிற்க வேண்டிய எந்த ஸ்டீரியோ கருவிக்கும் நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். இதற்கான விலையும் உண்டு. ஒரு கருவிக்கு இரண்டு சேனல்கள் செலவாகின்றன. கெய்ன் (உள்வரும் ஒலியின் அளவு), ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளின் அளவு), மேடையில் உள்ளவர்கள் கேட்கும் மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் என ஒவ்வொன்றையும் இரண்டிலும் ஒரே அளவில் வைக்க வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே சத்தத்தைக் கூட்டும்போது இரண்டு ஃபேடர்களையும் சேர்த்தே தள்ள வேண்டும். பன்னிரண்டு சேனல் மிக்சரை வைத்துக்கொண்டு பாடகர்கள், தபேலா, டோலக், கிட்டார் எல்லாவற்றையும் சமாளிக்கும் மெல்லிசைக் குழுவுக்கு அந்த இரண்டாவது சேனல் எளிதில் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட மேடையில் பேலன்ஸ் நடுவிலேயே நிற்கட்டும். அல்லது ஸ்டீரியோ சேனலின் இடது ஜாக்கில் மட்டும் செருகலாம். அங்கே மானோ என்றும் அச்சிட்டிருந்தால் அந்த ஒற்றை ஒலி இரு வழிகளுக்கும் போகும், குமிழும் பேனிங்காகவே வேலை செய்யும்.

பேலன்ஸே சரியான கருவியாக அமையும் இடங்களும் உண்டு. பழைய கரோக்கி விசிடிக்கள் பலவற்றில் ஒரு பக்கத்தில் இசை மட்டும், மறு பக்கத்தில் பாடகரின் குரலுடன் கூடிய இசை என்று பதிந்திருக்கும். பேலன்ஸை ஒரு கோடிக்குத் திருப்பினால் குரல் விலகி மேடையில் பாடுபவருக்கு இடம் கிடைக்கும். முழுமையாக மிக்ஸ் செய்யப்பட்ட பாடலை இசைக்கும்போது ஒரு பக்கம் சற்றுத் தளர்ந்து கேட்டால் அதைச் சீராக்கவும் பேலன்ஸ்தான் பொருத்தம். ஆனால் ஒரு பக்கம் பின்னணி இசையும் மறு பக்கம் தாளக் கிளிக்கும் வைத்து லேப்டாப்பிலிருந்து இசைக்கும் குழுக்கள் ஸ்டீரியோ சேனலை நம்பக் கூடாது. கிளிக் சபைக்குப் போகாமல் வாசிப்பவரின் காதுக்கு மட்டும் போக வேண்டும் என்றால் இரண்டும் தனி மானோ சேனல்களில் வந்தே ஆக வேண்டும்.

இவை அனைத்தும் கூடத்தில் உண்மையான ஸ்டீரியோ அமைப்பு இருக்கிறது என்ற அனுமானத்தில் சொன்னவை. திருமண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் மிக்சரின் இடது வெளியீட்டை மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரிப்பது வழக்கம். அந்த நிலையில் வலப்பக்கம் முழுக்கத் திருப்பிய எதுவும் கேட்காது. கீபோர்டின் வலது ஜாக்கில் வரும் பியானோவின் பாதியும் பேலன்ஸ் நடுவில் இருந்தாலும் கேட்காது. இங்கே கீபோர்டின் மானோ வெளியீட்டைப் பயன்படுத்துவதே நேர்மையான வழி. இரண்டு வெளியீடுகளையும் இணைத்து மானோவாக்கினாலும் சிக்கல் தீர்ந்துவிடாது: கோரஸ் எஃபெக்ட் போன்ற விரிந்த ஒலிகள் ஒன்றையொன்று வெட்டி மெலியும், 3 டெசிபல் விதிப்படி பேனிங் செய்த மிக்சரில் நடுவில் இருக்கும் குரல், ஓரத்தில் இருக்கும் கருவிகளைக் காட்டிலும் 3 டெசிபல் உயர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் இருந்தால்கூட, இடது ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரே முந்திக்கொண்டு கேட்பதால், முழுக்க வலப்பக்கம் தள்ளிய கருவி அவரை எட்டுவதே அரிது. கூடத்தில் பேனிங்கைக் கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒலிப்பதிவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கர்நாடக இசைக் கச்சேரியில் வழக்கமாகப் பாடகரின் இடப்பக்கம் வயலினும் வலப்பக்கம் மிருதங்கமும் அமர்கின்றன; மிருதங்கத்தின் வலது தலையான வலந்தலை சபையை நோக்கி இருக்கும். கேட்பவர் பார்வையில் மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். வலந்தலைக்கும் இடது தலையான தொப்பிக்கும் தனித்தனி மைக் வைத்தவர் அவற்றை ஸ்டீரியோ சேனலில் சேர்த்து பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால், வலது ஜாக்கில் வந்த தலை வலுவிழந்து, வலந்தலையின் சாப்புக்கும் தொப்பியின் கும்கிக்கும் உள்ள அளவு உறவே கெட்டுவிடும். இரண்டு மானோ சேனல்களாக வைத்து, ஒன்றை ஒன்பது மணியிலும் மற்றொன்றை பத்தரை மணியிலும் நிறுத்தினால் மிருதங்கம் ஒரே கருவியாக, தன் இடத்தில், இரு தலைகளின் பேச்சும் தெளிவாகக் கேட்கும்படி அமையும்.

கணினியில் மிக்ஸ் செய்பவருக்குச் சேனல் பஞ்சமும் இல்லை. புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஸ்டீரியோ டிராக்குக்கு ஆரம்பத்திலேயே இரண்டு பேனிங் குமிழ்களைத் தருகிறது. லாஜிக்கிலும் ரீப்பரிலும் ஏபிள்டன் லைவிலும் ஸ்டீரியோ டிராக்கில் முதலில் கிடைப்பது பேலன்ஸாகவே இருக்கலாம். குமிழின் மேல் வலது கிளிக் செய்தால் லாஜிக்கில் ஸ்டீரியோ பேனிங், ரீப்பரில் இரட்டை பேனிங், லைவில் பிரித்த ஸ்டீரியோ பேனிங் என்ற தேர்வு கிடைக்கும். கருவி டிராக்குகளில் அந்தத் தேர்வை மாற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பேலன்ஸை முழுப் பாடலும் ஒன்றுசேரும் மாஸ்டர் டிராக்குக்கு மட்டும் விட்டுவைக்கலாம்.