ஹீட்டர் மாற்ற வந்தவர் ஆர்சிசிபியை முடக்கிவிட்டுப் போனார்: பழைய வீவக வீட்டில் வசிப்போர் கவனத்திற்கு

சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளியலறை ஹீட்டர் பழுதானதால், உரிமம் பெற்ற மின்பணியாளர்களை அனுப்புவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். உரிம எண்ணைக் கேட்டதும் உடனே அனுப்பினார்கள். புதிய ஹீட்டருக்கும் கூலிக்கும் சேர்த்து 260 வெள்ளி என்று பேசி முடிவானது. ஆனால் வந்தவர் செய்துவிட்டுப் போன வேலை, வீட்டில் இருக்கும் எல்லாருடைய உயிருக்கும் உலை வைக்கக்கூடியதாக இருந்தது.

அன்று வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். வேலைக்கு வந்தவர் ஹீட்டரைச் சுவரில் மாட்டி முடித்து, குளியலறைக்கு வெளியே உள்ள சுவிட்சைப் போட்டவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. மின்கசிவு ஏற்பட்டால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியான ஆர்சிசிபியின் நெம்புகோலை மேலே தூக்கிவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போட்டார், மறுபடியும் நின்றது. "ஆன்ட்டி, உங்கள் வீட்டு ஆர்சிசிபி பழசாகிவிட்டது, சும்மா சும்மா விழுகிறது, மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொல்லி மின்பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார். பிறகு வெந்நீர் வந்தது, மின்சாரமும் நிற்கவில்லை. "ஆர்சிசிபி மாற்றம்" என்று ரசீதில் எழுதி மேலும் 120 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் நான் மின்பெட்டியைப் பார்த்தபோது, முன்பு வீட்டுக்குச் சாயம் பூசியபோது தெறித்த வெள்ளைத் துளி ஆர்சிசிபியின் மூலையில் அப்படியே இருந்தது. மாற்றியதாகச் சொன்ன கருவி மாற்றப்படவே இல்லை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினேன். நெம்புகோல் டக்கென்று கீழே விழுந்தது. ஆனால் கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, விளக்கும் எரிந்தது. ஆர்சிசிபி துண்டித்த பிறகும் வீட்டுக்குள் மின்சாரம் ஓடுகிறது என்றால், அந்தக் கருவியை ஒதுக்கிவிட்டு வேறு வழியாக இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பொருள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெரிந்தவர்கள் வழியாக வேறொரு மின்பணியாளரை வரவழைத்தோம்.

அவர் வந்து திறந்து காட்டியதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மெயின் சுவிட்சிலிருந்து ஆர்சிசிபி வழியாகப் போக வேண்டிய இணைப்பை, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக உள்ள எம்சிபி துண்டிப்பான்களுக்கு நேராகக் கொடுத்திருந்தார்கள். ஆர்சிசிபி பெட்டிக்குள் வெறும் அலங்காரமாக நின்றது. ஹீட்டரைக் கழற்றியபோது மூல காரணமும் தெரிந்தது: பின்பக்க மூடியை அழுத்தித் திருகியதில் நியூட்ரல் வயரின் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) உறை நசுங்கி, உள்ளே இருந்த செம்புக் கம்பி, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த எர்த் வயரும் அதற்குரிய திருகில் இறுக்கப்படாமல் தொங்கியது. சுவிட்சை அணைத்தால் கோளாறு மறைந்து, போட்டால் திரும்ப வந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. ஹீட்டருக்குப் போடும் டபுள் போல் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும். ஆக, ஆர்சிசிபி காரணமில்லாமல் விழவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்தது. வயரைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யாமல், கோளாறைக் காட்டிக்கொடுத்த கருவியையே முடக்கி அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எம்சிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று சிலர் கேட்கிறார்கள். காப்பாற்றாது. ஹீட்டருக்கான 20 ஆம்பியர் எம்சிபி, அளவுக்கு மீறிய சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். மனித உடலைக் கொல்ல அதில் மிகச் சிறு பங்கு மின்சாரம் போதும். லைவில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஆர்சிசிபி ஓயாமல் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். எர்த்தும் இல்லாமல் ஆர்சிசிபியும் இல்லாமல் ஈர உடம்போடு ஒருவர் ஹீட்டருக்குக் கீழே நிற்பதை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் ஜாலான் புக்கிட் மேரா வீடு ஒன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மின்சாரம் தாக்கி இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. அங்கும் மின்கசிவு ஹீட்டரிலிருந்துதான் வந்தது. 1985 ஜூலைக்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளிலும் ஆர்சிசிபி இருந்தே தீர வேண்டும் என்று 2023 ஜூலை 1 முதல் சட்டம் வந்து, அதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசமும் தரப்பட்டது. அப்படிக் கட்டாயமாக்கப்பட்ட கருவியைத்தான் எங்கள் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு செயலிழக்கச் செய்தார்கள்.

ஹீட்டரின் திறனையும் பார்த்து வாங்குங்கள். இங்கே பரவலாக விற்கும் உடனடி ஹீட்டர்கள் 3.3 கிலோவாட் அளவில் உள்ளவை. 230 வோல்ட்டில் அவை 14 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதனால்தான் 13 ஆம்பியர் பிளக்கில் அவற்றைச் செருகக் கூடாது. 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்சும் தனி இணைப்பும் வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டர் என்றால் 26 ஆம்பியர். பழைய வயரிலும் சுவிட்சிலும் அதை மாட்டவே கூடாது. பிரிட்டனில் எடுத்த காணொளிகளைப் பார்த்துத் தடித்த வயர் கேட்பவர்களும் உண்டு. அங்குள்ள 9.5 கிலோவாட் ஷவர் 41 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கணக்கு நம் வீட்டு ஹீட்டருக்குப் பொருந்தாது.

எங்களுக்கு அனுப்பிய உரிம எண் உண்மையானதுதான், ஆனால் அது வேறொருவருடையது. வேலைக்கு வந்தவர் அவர் அல்லர். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் எண்ணைத் தேடிப் பார்ப்பதோடு, வாசலில் நிற்பவரின் உரிம அட்டையில் உள்ள பெயரும் படமும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும், பணம் கொடுப்பதற்கு முன்பாகவே, சோதனைப் பொத்தானை அவர் முன்னிலையில் அழுத்துங்கள். விளக்கும் விசிறியும் நிற்க வேண்டும். ஆர்சிசிபி மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய கருவியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வெந்நீர் வருகிறதல்லவா" என்றுதான் அந்த நிறுவனம் பதில் அனுப்பியது. ரசீது, மின்பெட்டியின் படங்கள், இரண்டாவது மின்பணியாளரின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றை இணைத்து ஆணையத்திடம் புகார் அளித்துள்ளோம். பணத்துக்காகச் சிறு கோரல் நடுவர் மன்றத்தை நாடவும் ஆயத்தமாகி வருகிறோம்.