ஜாமுலஸ்: நான்கு வீடுகளிலிருந்து ஒரு குவார்டெட்

அவரவர் வீட்டிலிருந்தபடி இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்க உதவும் மென்பொருள் ஜாமுலஸ். ஒத்திகைக்கு அது தாராளமாகப் போதும், கச்சேரிக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

2020-இல் கொரோனாவால் அரங்குகள் மூடிக்கிடந்தபோது ஸ்ட்ரிங் குவார்டெட்டுகளுக்கு (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) ஒரு வசதி இருந்தது: முகக்கவசம் போட்டுக்கொண்டே வாசிக்கலாம். குழல் ஊதுபவருக்கு அது முடியாது, பாடகருக்கும் சிரமம். பார்சிலோனாவின் லிசேயு அரங்கு ஜூன் 22 அன்று திறந்தபோது மேடையில் இருந்தது யுசெலி குவார்டெட். இருக்கைகளில் ரசிகர்களுக்குப் பதிலாக 2,292 செடிகள். வாசித்தது புச்சினியின் ‘கிரிசான்தெமி’. ஆனால் அப்படி மேடை கிடைத்த நாட்கள் கொஞ்சம். மற்ற நாளெல்லாம் நால்வரும் வீட்டில் இருந்தபடியே கைப்பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜூம் அதற்கு உதவவில்லை. தாமதம் ஒரு பக்கம் இருக்க, மெல்லிசாக நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஜூமிலேயே இருக்கும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியைப் போட்டால் அமுக்குவது குறையும், தாமதம் குறையாது.

வோல்கர் ஃபிஷர் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் ஜாமுலஸ். நால்வரின் ஒலியும் ஒரு சர்வருக்குப் போய், அங்கே கலந்து, அவரவர் காதுக்குத் திரும்பி வருகிறது. படம் கிடையாது, ஒலி மட்டும்தான்.

கணக்கு இதுதான். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். எதிரெதிரே உட்காரும் முதல் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே 2 மீட்டர் என்றால் 6 மில்லிசெகண்ட். இந்தத் தாமதம் 25, 30 மில்லிசெகண்டைத் தாண்டினால் காலப்பிரமாணம் தளர ஆரம்பிக்கும். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, அந்தக் காத்திருப்பையே கேட்டு மற்றவரும் காத்திருக்க, ஸ்வரத்தாளில் இரண்டு பக்கம் போவதற்குள் அலெக்ரோ என்னும் வேகமான பகுதி நடைபிணமாகிவிடும். ஜாமுலஸில் மொத்தத் தாமதத்தைக் காட்டும் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். 40 மில்லிசெகண்டிலும் அது பச்சைதான். கிட்டார், டிரம்ஸ் வைத்து ஜாலியாக வாசிக்க அது போதும். குவார்டெட்டுக்கு எண்ணைப் பார்த்து 30-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

எப்படிக் கொண்டுவருவது? வைஃபை வேண்டாம், ஈதர்நெட் கேபிள் போடுங்கள். இணையத்தின் வேகம் இங்கே பிரச்சினையே இல்லை, ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் இருந்தால் ஓடும். வைஃபையில் பாக்கெட்டுகள் (ஒலி பிரிந்து வரும் தரவுத் துண்டுகள்) சீராக வராததால்தான் ‘டப் டப்’ என்று வெடிக்கிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், 44.1-இல் விட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு. பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலியின் அளவு) 128 சாம்பிள், கணினி தாங்கினால் 64. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரையே (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போடுங்கள். பாக்கெட்டுகள் முன்பின்னாக வருவதைச் சமாளிக்கும் ஜிட்டர் பஃபரை முதலில் ஆட்டோவில் விடுங்கள்; வெடிப்பு நிற்காவிட்டால் கையால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சர்வர் நால்வருக்கும் பக்கத்தில், முடிந்தால் அதே ஊரில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கணினியிலேயே நடத்துவதானால் ரூட்டரில் 22124 என்ற யுடிபி போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். புளூடூத் ஹெட்போனை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். மற்ற எல்லாத் தாமதத்தையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

வயலின்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜாமுலஸில் தன் ஒலியையும் சர்வரிலிருந்து திரும்பி வருவதாகவே கேட்டு வாசிக்க வேண்டும், அப்போதுதான் நால்வரும் ஒரே கலவையைக் கேட்பார்கள். தன் ஒலியை நேராகக் காதுக்குத் தரும் டைரக்ட் மானிட்டரை இன்டர்ஃபேஸில் அணைத்துவிட வேண்டும். ஆனால் வயலின் இடது காதுக்குக் கீழேயே இருக்கிறதே! நேரடி ஒலி ஒரு முறை, சர்வர் ஒலி ஒரு முறை என்று ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்கும். காதை மூடும் ஹெட்போன் இதைக் குறைக்கும், ஆனால் தலையைச் சாய்த்ததும் இடது கிண்ணத்தின் விளிம்பு தோளுக்கும் கருவிக்கும் நடுவே இடித்து நழுவும். காதுக்குள் இறுக்கமாக அடைக்கும் வயர் இயர்போன்தான் இங்கே சரி. வயரை முதுகுப் பக்கமாக விடுங்கள். முன்னால் தொங்கினால் வில் அதில் மாட்டும். மைக் 50 சென்டிமீட்டர் தூரத்தில் போதும். ஒரு மீட்டருக்குத் தள்ளினால் கூடுதல் தாமதத்தோடு அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும்.

எதை வாசிக்கலாம் என்பது முக்கியம். ஹைடனின் ஓபஸ் 76, எண் 5 குவார்டெட்டின் லார்கோ என்னும் மெதுவான பகுதி அருமையாக வரும். வில்லை மெதுவாக ஊன்றி எடுக்கும் ஸ்வரத்தில் 25 மில்லிசெகண்ட் கரைந்துபோகும். அதன் கடைசிப் பகுதியான பிரெஸ்டோ, மிக வேகமானது, வராது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் கால் தட்டு ஸ்வரம் ஒன்றுக்கு 125 மில்லிசெகண்ட். அதில் 30 தாமதத்தில் போனால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. பீத்தோவனின் ஓபஸ் 74-இன் முதல் பகுதியில் ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கும் பிட்சிகாட்டோ வரும். விரலால் மீட்டும் ஸ்வரத்துக்குத் தொடக்கம் கூர்மை, ஒளிய இடமில்லை. அதை இதில் முயல வேண்டாம்.

எடுப்புக்குக் கண்ஜாடை கிடையாது. வீடியோவை ஜூமில் ஓடவிட்டால் ஒலிக்குப் பின்னால்தான் படம் வரும். அதைப் பார்த்து எடுத்தால் குழப்பம்தான். பேசும்போது மட்டும் பாருங்கள். வாசிக்கத் தொடங்க, முதல் வயலின் மூக்கால் மூச்சிழுக்கும் சத்தம் மைக்கில் விழட்டும். மேடையில் குறை எனப்படும் அது இங்கே தேவை.

சோனோபஸ் என்றொரு மாற்றும் உண்டு, ஒலியைக் கலந்து அனுப்ப நடுவே சர்வர் வேண்டாம், நால்வருக்கு அது பாரமில்லை. ஜாக்டிரிப் என்ற இன்னொரு மென்பொருள் ஒலியைச் சுருக்காமல் அனுப்புவதால் நாதம் இன்னும் நிறைவாக இருக்கும், நிறுவுவது சிரமம். எதை எடுத்தாலும் ஒரே ஊர், பக்கத்து ஊர் வரைதான். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளியே ஒரு வழிக்கு 65 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும்.

ஜாமுலஸை விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம், சர்வரில் இருக்கும் பதிவு வசதி. ஆளுக்கொரு வேவ் கோப்பும், அவற்றை வரிசையாக அடுக்கிய ரீப்பர் (ஒலித்தொகுப்பு மென்பொருள்) கோப்பும் கிடைக்கும். அதில் மற்ற மூவரையும் அணைத்துவிட்டு வியோலாவை மட்டும் ஒருமுறை கேளுங்கள். கூட்டத்தில் மறைந்திருந்த சுருதிப் பிசகும், வில் மாற்றும் இடத்தில் விழும் சின்ன இடைவெளியும் அப்போதுதான் தெரியும்.