மந்தநிலையில் செழிக்கும் மலிவு விலைக் கடைகள்: ஒரு மதிப்பீடு

பொருளாதாரம் சுருங்கும் காலத்தில் மற்றக் கடைகளில் விற்பனை படுத்துவிட, மலிவு விலைக் கடைகளில் மட்டும் கூட்டம் பெருகுகிறது. நிதி நெருக்கடி உலகையே உலுக்கிய 2008ஆம் ஆண்டில், அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டில் உள்ள 30 நிறுவனங்களில், மலிவு விலைக்குப் பேர்போன வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ் ஆகிய இரண்டின் பங்குகளே விலை உயர்ந்து முடிந்தன. பிரிட்டனில் அந்த ஆண்டின் இறுதியில் ஊல்வொர்த்ஸ் என்ற பழைய கடைச் சங்கிலி தன் 800-க்கும் மேற்பட்ட கடைகளை மூடத் தொடங்கியபோது, காலியான கட்டடங்கள் பலவற்றில் பவுண்ட்லாண்ட் போன்ற மலிவுக் கடைகளே குடியேறின. வேலை இழந்தவர்கள் மட்டுமல்லாமல், இழந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர்களும் இவற்றைத் தேடி வருகிறார்கள். ஆனால் இந்தக் கடைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுவது சரியல்ல. விலை எதனால் குறைகிறது என்று கேட்டால், இவை இரண்டு வகையாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

முதல் வகையில் குறைவது கடையை நடத்தும் செலவு; அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆல்டி. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் தாயார் நடத்திவந்த மளிகைக் கடையை, இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் ஏற்று நடத்திய கார்ல், தியோ ஆல்பிரெக்ட் சகோதரர்கள், மக்களின் கையில் பணம் இல்லாத அந்த நாட்களில் கடையின் செலவைக் குறைப்பதையே தொழிலாக்கினார்கள். பெரிய பேரங்காடி பல்லாயிரம் பொருள்களை வைத்திருக்கும் இடத்தில், ஆல்டி ஏறத்தாழ 2,000 பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறது. பத்து வகைத் தக்காளிச் சாற்றுக்குப் பதிலாக ஒன்றிரண்டையே பெருமளவில் வாங்குவதால், உற்பத்தியாளரிடம் பேரம் பேசும் வலிமை அதற்குக் கிடைக்கிறது. பொருள்களில் பெரும்பாலானவை அதன் சொந்தப் பெயரில் வருபவை என்பதால், புகழ்பெற்ற நிறுவனங்களின் விளம்பரச் செலவு வாடிக்கையாளரின் தலையில் விழுவதில்லை. சரக்கு வந்த அட்டைப்பெட்டியே அலமாரியில் ஏறுகிறது. பார்கோடு உறையின் பல பக்கங்களில் அச்சிடப்பட்டிருப்பதால் காசாளர் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. நாணயம் போட்டு எடுத்த தள்ளுவண்டியை, அந்த நாணயத்துக்காக வாடிக்கையாளரே உரிய இடத்தில் கொண்டுவந்து விடுகிறார். இங்கே குறைவது கடையின் செலவே தவிர, உறைக்குள் இருக்கும் பொருளின் அளவல்ல. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான். அன்றாடச் சமையல் பொருள்களைப் பொறுத்தவரை அதை நான் ஒரு குறையாகவே கருதவில்லை. 2022-இல் ஆல்டி, மாரிசன்ஸ் என்ற போட்டி நிறுவனத்தை முந்தி பிரிட்டனின் நான்காவது பெரிய பேரங்காடியானது என்பதைப் பார்க்கும்போது, வாடிக்கையாளர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

இரண்டாம் வகை, பொருள்களை ஒரு டாலர் அல்லது அதையொட்டிய சிறு தொகைக்கு விற்பதாகப் பெயர் பெற்ற அமெரிக்காவின் 'டாலர் கடைகள்'. இவற்றின் விலைச்சீட்டு கண்ணைக் கவர்கிறது. ஆனால் பல பொருள்களில் அந்தச் சிறிய தொகைக்குப் பின்னால் சிறிய பொட்டலமே இருக்கிறது. கிராம் கணக்கில் பார்த்தால், பெரிய கடையின் பெரிய பையை விட இது பல நேரங்களில் விலை கூடுதலாகவே அமைகிறது. மாதத் தேவையை மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லாதவரே இந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கிறார் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காய்கறி, பழம் போன்ற புதிய உணவுகளும் இவற்றில் பலவற்றில் கிடைப்பதில்லை. சிக்கனம் ஊழியர்களின் பாதுகாப்பையும் தொட்டுவிடுகிறது: அவசர வழிகளைச் சரக்குப் பெட்டிகள் அடைத்திருந்தது உள்ளிட்ட புகார்கள் தொடர்பாக, 2024-இல் இவ்வகைக் கடைகளை நடத்தும் டாலர் ஜெனரல் நிறுவனம் 1.2 கோடி டாலர் செலுத்த அமெரிக்கத் தொழிலாளர் துறையுடன் உடன்பட்டது. வாழ்த்து அட்டை, பரிசுத் தாள், எழுதுபொருள், கண்ணாடிக் குவளை போன்றவற்றை இங்கே தயங்காமல் வாங்கலாம். மளிகைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மந்தநிலை வந்தாலே இக்கடைகள் செழிக்கும் என்ற பொதுக்கருத்தையும் அப்படியே ஏற்க இயலாது. ஜப்பானில் 1990-களின் தேக்கத்தில் விலைவாசி ஏறாமல் நின்றதால், டைசோ போன்ற 100 யென் கடைகள் ஒரே விலையைக் காப்பாற்றிக்கொண்டே வளர முடிந்தது. பணவீக்கம் சேர்ந்து வரும்போது நிலைமை தலைகீழாகிறது. பல்லாண்டுகளாக ஒரு டாலர் விலையையே அடையாளமாக வைத்திருந்த அமெரிக்காவின் டாலர் ட்ரீ, 2021-இல் அதை 1.25 டாலராக உயர்த்தியது; அங்கேயே 371 கடைகளை நடத்திய 99 சென்ட்ஸ் ஒன்லி என்ற நிறுவனம் 2024-இல் அனைத்தையும் மூடுவதாக அறிவித்தது. ஒற்றை விலையையே உயிராகக் கொண்ட கடை, கொள்முதல் விலை ஏறும்போது அளவைக் குறைக்க வேண்டும் அல்லது தன் வாக்கை மீற வேண்டும்.

ஆகவே புதிதாக ஒரு மலிவுக் கடைக்குள் நுழைபவர், மொத்த விலையைப் பார்க்கும் முன் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதை அலமாரிச் சீட்டில் தேடிப் பார்க்க வேண்டும். அதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கும் கடையில் மளிகை முழுவதையும் வாங்கலாம். எழுதாத கடையில், எடையிட்டு விற்கப்படாத பொருள்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.