கேரவனுக்கு வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வண்டியிலேயே படுத்து, சமைத்து, ஊர் சுற்றுகிறவர்கள் யாராவது கையடக்க வேக்குவம் கிளீனர் தேடிக்கொண்டிருந்தால், பெட்டியில் "120 வாட், 9000 பாஸ்கல், 4000 எம்ஏஎச், 30 நிமிடம்" என்று போட்டு கார் ஆக்சஸரீஸ் கடைகளில் விற்கும் சரக்கைத் தொடாதீர்கள். கடைக்குக் கடை பெயர் வேறாக இருக்கும். ஸ்டிக்கர் மட்டும்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டு ஊர். பழைய ட்ராவலர் வேன் ஒன்றை வாங்கி, முறையாக அனுமதி எடுத்து, பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பு மேடையும் போட்டு, தனியாக ஒரு 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியும் வைத்திருக்கிறோம். வாடகைக்கு விடுவதில்லை, குடும்பத்துக்கு மட்டும். நெல்லியாம்பதி போனால் செம்மண், சாவக்காடு போனால் கடல் மணல், எங்கே போனாலும் பிள்ளைகள் சிந்தும் முறுக்குத் தூள். விளக்குமாறு கட்டிலுக்கு அடியில் போகாது. ஸ்லைடிங் கதவு ஓடும் தடத்தில் சேரும் மணலைக் குச்சி வைத்து நோண்ட வேண்டும். நாலு நாள் விட்டால் கதவு பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் மெஷின் தேடினோம்.

கடை கோவையில். மேட் மேல் தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி ஒரு பையன் இழுத்துக் காட்டினான். "பாத்தீங்களாண்ணா இழுவைய!" தெர்மாகோலை டேபிள் ஃபேன்கூட நகர்த்தும். தவிர, காட்டிய மெஷின் சுவர் பிளக்கில் அடாப்டரோடு ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தந்ததோ சீல் உடைக்காத பெட்டி. பெட்டியில் எம்.ஆர்.பி. 7,999 ரூபாய், "உங்களுக்காக" 3,400. பில் கேட்டதும் முகம் மாறியது. "பில் போட்டா 18 பர்சன்ட் கூடுமுங்க" என்றார் முதலாளி. எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், பேசிய விலையில் வரியும் அடக்கம் என்று நின்று பில் வாங்கினேன். அதன் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சிவப்பு முத்திரை.

சாவக்காட்டிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகக் கதவுத் தடத்தில் வைத்தேன். மணல் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். சரி, மெத்தையையாவது பார்ப்போம் என்று அதில் ஓட்டினால், பின்பக்கச் சல்லடை வழியாக மெல்லிய புகைபோல் தூசி வெளியே வந்து, துவைத்துப் போட்டிருந்த விரிப்பின் மேல் படிந்தது. என் மகளுக்கு அங்கேயே தும்மல் ஆரம்பித்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், "ஹெபா" (நுண்தூசியைப் பிடிக்கும் வகை) என்று எழுதியிருந்த ஃபில்டரைச் சுற்றி ரப்பர் வளையமே இல்லை. விரலை விட்டால் பக்கத்துக்குப் பக்கம் ஆடுகிறது. காற்று ஃபில்டருக்குள் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு கட்டிலை முடிப்பதற்குள் மோட்டார் சத்தம் இறங்கி, பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது.

பெட்டியில் உள்ள எண்களைப் பெருக்கிப் பார்த்தாலே குட்டு வெளிப்படுகிறது. 7.4 வோல்ட், 4000 எம்ஏஎச் என்றால் பேட்டரியில் இருப்பது மொத்தம் 29.6 வாட்-அவர். 120 வாட் மோட்டார் இதைக் கால் மணி நேரத்தில் குடித்து முடித்துவிடும். 30 நிமிடம் ஓட வேண்டுமென்றால் மோட்டார் 60 வாட்டைத் தாண்டக் கூடாது. பெட்டி சொல்கிற வாட், நிமிடம் இரண்டில் ஒன்று பொய். திறந்து பார்த்ததில் எம்ஏஎச் கணக்கும் பொய். உள்ளே வரிசையாகக் கோத்த இரண்டு 18650 செல்கள் (உருளை வடிவ லித்தியம் செல்கள்). இந்த அளவில் நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் நிற்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். இதில் இருந்ததை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்: 30 கிராம்கூட வரவில்லை.

பாஸ்கல் கணக்கு இன்னொரு கூத்து. வாயை முழுக்க அடைத்துவிட்டு அளக்கும் அழுத்தம் அது. அப்போது காற்றே ஓடாது. மணலைத் தூக்க அழுத்தமும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ஆன்லைனில் 1,20,000 பாஸ்கல் என்று போட்டு விற்பதையும் பார்த்தேன். வளிமண்டல அழுத்தமே 1,01,325 பாஸ்கல்தான், மிச்சத்தை எங்கிருந்து உறிஞ்சுவார்களோ!

பேட்டரி போனாலும் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். 12 வோல்ட்டில் 120 வாட் என்றால் 10 ஆம்பியர். பல வண்டிகளில் அந்த சாக்கெட்டின் ஃபியூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான். எங்கள் வண்டியில் போனது ஃபியூஸ். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "பெரிய ஃபியூஸ் போடச் சொன்னா போட்டுடாதீங்க, வயர் வெந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருப்பது தெரிந்தது. "நீங்க கேரளாங்களா? வாரண்டி தமிழ்நாட்டுக்கு மட்டுந்தானுங்க. பாலக்காட்டுல டீலரு இருக்காரு, பாருங்க." பாலக்காட்டில் போய்க் கேட்டால், "இது இவிடெ வாங்ஙியதல்லல்லோ" என்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் வாரண்டி செத்துவிடும் என்று வாரண்டி அட்டையில் எங்கும் இல்லை. அட்டையில் இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ இல்லை. பெட்டியிலும் இல்லை. அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் அது கட்டாயம்.

இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். திரும்பக் கொடுக்கப் பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. ஆக அந்தச் சிவப்பு முத்திரைக்கு ஒரு மதிப்பும் இல்லை. முதலில் 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) அடித்துப் புகார் எண் வாங்குங்கள். கடைக்காரர் போனை எடுக்க ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

அடுத்து வாங்குகிறவர்கள் ஒரு பொட்டலம் ஈர மணலும் கொஞ்சம் அரிசியும் கையோடு கொண்டு போங்கள். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, உங்களுக்குத் தரப்போகும் அதே பீஸில் இழுக்கச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றி ஃபில்டரை ஆட்டிப் பாருங்கள். பெரிய இன்வர்ட்டர் வண்டியில் இருந்தால் வீட்டுக்கான சின்ன 600 வாட் மெஷினே போதும். பத்து நிமிடம் ஓட்டினால் இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 10 ஏஎச் போகும், 100 ஏஎச் வைத்திருப்பவருக்கு அது பெரிதல்ல. பேட்டரி மெஷின்தான் வேண்டும் என்றால், பாலக்காட்டு மார்ச் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

பாலக்காடு ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன், தேதி வரவில்லை. நேற்று கடையிலிருந்து போன் வந்தது. வழக்கை வாபஸ் வாங்கினால் புதுப் பீஸ் ஒன்று தருவார்களாம். எந்த மாடல் என்று கேட்டேன். அதே மாடல்.