ரோமில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்: வாடிகனா, போர்கேசேயா?

ரோமில் ஒரே நாளில் இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் பார்க்கக் கால் ஒத்துழைக்காது. வாடிகன் அருங்காட்சியகம், போர்கேசே காட்சிக்கூடம் இரண்டுக்கும் போயிருக்கிறேன். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு போர்கேசேவுக்கு.

வாடிகனின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் சிற்றாலயக் கூரை ஓவியம், ரஃபேலின் அறைகள், லாவோகோன் சிலை. பட்டியல் போட்டால் போர்கேசே தோற்றுவிடும்.

ஆனால் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே! ஆண்டுக்கு 60 லட்சம் பேருக்கு மேல் வரும் இடம் வாடிகன். தர்ம தரிசன வரிசை மாதிரி கூட்டம் நம்மை நகர்த்திக்கொண்டே போகிறது. 120 மீட்டர் நீள வரைபடக் கூடத்தில் ஒரு படத்தின் முன் நின்றால் பின்னால் வருபவர் முட்டுகிறார். சிஸ்டைனுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை காவலர்கள் ‘சிலென்சியோ’ (அமைதி) என்று அதட்டுகிறார்கள். நான் போனது நடுப்பகலில். காலை முதல் ஆளாக நுழைந்தவர்கள் வேறு கதை சொல்லலாம்.

போர்கேசேவில் முன்பதிவு கட்டாயம். ஒரு வேளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அடுத்த அணியை விடுவார்கள். கெடுபிடி போலத் தெரியும். எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். சிலையைச் சுற்றி நடக்க இடம் கிடைக்கிறது, சிற்பி பெர்னினியின் சிலைகளுக்கு அது இல்லாமல் ஆகாது. ‘அப்போலோவும் டாஃப்னியும்’ 1622க்கும் 1625க்கும் இடையே, இருபதுகளில் இருந்தபோது அவர் செதுக்கியது. துரத்தும் அப்போலோ தேவனிடமிருந்து தப்ப டாஃப்னி மரமாக மாறும் கணம் அது. ஒரு பக்கம் நின்றால் ஓடும் பெண். இன்னும் நாலு அடி நகர்ந்தால் இடுப்பில் மரப்பட்டை ஏறுகிறது, விரல் நுனிகளில் இலை முளைக்கிறது. அடுத்த அறைகளில் ஒன்றில் பாதாள தேவன் புளூட்டோ பெர்செபனியைத் தூக்கிச் செல்கிறான். அவன் விரல்கள் அவள் தொடையில் அழுந்திக் குழி விழுந்திருக்கிறது, அவள் கன்னத்தில் கண்ணீர்த் துளி. அத்தனையும் பளிங்கு! கரவாஜியோவின் ‘கோலியாத்தின் தலையுடன் தாவீது’ ஓவியத்தின் முன்பும் யாரும் விரட்டாமல் நிற்கலாம்.

ஒரு யோசனை: உள்ளே போனதும் எல்லோரும் கீழ்த்தளச் சிலைகளை மொய்ப்பார்கள். நீங்கள் நேராக மாடிக்கு ஏறி ஓவியங்களை முடித்துவிட்டு இறங்குங்கள். நான் போனது குளிர்காலத்தில் என்பதையும் கணக்கில் வையுங்கள்; கோடையில் இந்த நிம்மதி கொஞ்சம் குறையலாம்.

சிஸ்டைன் கூரைக்காகவே ரோம் போகிறவர் இதையெல்லாம் கேட்க வேண்டாம், வாடிகன்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். சாதாரண ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் அள்ளும். போர்கேசேவுக்குத் திங்கள் விடுமுறை.

போர்கேசே டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் பெரிய குறை. கிடைக்காவிட்டால் ரிபப்ளிகா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா தேவாலயத்துக்குப் போங்கள். பெர்னினியின் புனித தெரேசா சிலை அங்கே இருக்கிறது, கட்டணமும் கிடையாது. நடுப்பகலில் மட்டும் கதவு சாத்தியிருக்கும்.